ஐந்து தந்தி பேஸ்: நிறம் நம் விருப்பம், அகலம் அவர்கள் விருப்பம்

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. பாடகர் ஒரு கட்டையில், அதாவது 'சி' சுருதியில், பாடுவார். நம் கருவியோ மூன்று கட்டையோடு நின்றுவிடும். நான்கு தந்தி பேஸில் ஆகக் கீழே இருப்பது 'இ' தந்தி. நம் கணக்கில் மூன்று கட்டை. அதற்குக் கீழே படி கிடையாது. பாட்டு ஒரு கட்டை என்றால், ஆதார ஸ்வரத்தை 'ஏ' தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்), ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் கீபோர்டுக்காரர் இடது கைச் சுண்டுவிரலால் கீழ் 'சி'யை அழுத்திவிட்டு நம்மைப் பார்த்து ஒரு புன்னகை செய்வார். இருபது வருடங்களாக அந்தப் புன்னகையைப் பார்த்து வருகிறேன்.

ஐந்தாவது தந்தி இருந்தால் அது தீரும். 'பி' தந்தி, அதாவது கீழே இருக்கும் ஏழு கட்டை. அதன் முதல் ஃப்ரெட் ஒரு கட்டை, மூன்றாவது ஃப்ரெட் இரண்டு கட்டை, நான்காவது இரண்டரை. ஐந்தாவதில் நம் பழைய 'இ' வந்து சேர்ந்துவிடும். இவ்வளவு தெளிவான தேவை. வாங்குவதும் எளிதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பிடித்த ஒரு மாடலின் உடல் சிறியது, எடை குறைவு. ஆனால் தந்திகள் நெருக்கமாக இருந்தன. அதே நிறுவனத்தின் இன்னொரு மாடலில் தந்திகள் தாராளமாகத் தள்ளித் தள்ளி இருந்தன. ஆனால் அது பெரிய கருவி. 'அந்தக் கழுத்தை இந்த உடலில் பொருத்தித் தர முடியுமா? கூடுதல் பணம் தருகிறேன்' என்று எழுதிக் கேட்டேன். பத்து நாள் கழித்து மரியாதையான பதில் வந்தது. நான்கு நிறங்கள் இருக்கின்றன, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். ஆலையில் செய்யும் பேஸ்களில் நமக்குக் கிடைக்கும் தேர்வுகள் பெரும்பாலும் கண்ணுக்கானவை. கைக்கு வேண்டியவற்றை ஆலை முன்பே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே வாங்குகிறவர் பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: பின்னால் மாற்றவே முடியாதது எது என்று முதலில் பார்த்துவிட்டு, மாற்றக்கூடியவற்றைக் கடைசிக்குத் தள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால், ஐந்து தந்தி தேவைதானா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மலிவான மாற்று வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஐந்து தந்தி செட் ஒன்றை வாங்கி, 'ஜி'யை எடுத்து வைத்துவிட்டு, நான்கு தந்தி பேஸிலேயே பி, இ, ஏ, டி என்று ஏற்றுவது. சாதாரண 'இ' தந்தியின் தடிமன் சுமார் 2.7 மி.மீ.; 'பி' தந்தி 3.3 மி.மீ. வரை வரும். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான நட்டின் காடியில் அது உட்காராது. அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பிறகு பழைய தந்திக்குத் திரும்ப நினைத்தால் புது நட்தான். மேலே ஒரு தந்தி போய்விடுவதால் தனி ஆவர்த்தனம் போல ஏதாவது வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. இரண்டாவது வழி, 'இ' தந்தியின் டியூனிங் கீயை எடுத்துவிட்டு நெம்புகோல் வைத்த ஒன்றைப் பொருத்துவது. ஹிப்ஷாட் நிறுவனத்தின் கீ பெயர் பெற்றது. நெம்புகோலைத் தட்டினால் 'இ' அப்படியே 'டி'க்கு இறங்கும். மூன்று கட்டை இரண்டு கட்டையாகிவிடும். ஒரு கட்டைக்கு அது உதவாது. இறக்கிய நேரத்தில் அந்த ஒரு தந்தியில் மட்டும் எல்லா ஸ்வரமும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போய்விடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஒரு கச்சேரியில் இரண்டு கட்டைப் பாட்டு இரண்டோ மூன்றோதான் வரும் என்றால் இதுவே போதும், பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் போதவில்லை. காரணம் கீழ் ஸ்வரங்கள் மட்டுமல்ல. ஐந்து தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வைத்தால், நகர்த்தாமலே கீழ் 'இ'யிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி வாசிக்கலாம். எந்தச் சுருதிக்கு மாற்றினாலும் விரல் அமைப்பு அதேதான்; கை மட்டும் இரண்டு ஃப்ரெட் இப்படியோ அப்படியோ நகரும். பாடகர் மேடையேறிய பிறகு 'அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?' என்று கேட்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், விஷயத்துக்கு அது தேவைப்படுகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1965லேயே ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வெளியிட்டது. ஆனால் ஐந்தாவது தந்தியைக் கீழே சேர்க்கவில்லை, மேலே 'சி'யாகச் சேர்த்தார்கள். மேலே ஒரு தந்தி இருக்கிறதே என்று கழுத்தைப் பதினைந்து ஃப்ரெட்டோடு நிறுத்திவிட்டார்கள். யாரும் பெரிதாக வாங்கவில்லை. கீழ் 'பி' தந்தி வேறு வழியில் வந்தது. அந்தோணி ஜாக்சன் என்ற நியூயார்க் பேஸ் கலைஞர் 1975ல் கார்ல் தாம்சன் என்ற கருவிக் கைவினைஞரிடம் கீழே ஒரு 'பி', மேலே ஒரு 'சி' என ஆறு தந்தி பேஸ் செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜிம்மி ஜான்சன் கலிஃபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனத்தில் கீழ் 'பி'யுடன் ஐந்து தந்தி பேஸ் செய்துகொண்டார். எண்பதுகளில் சிந்தசைசர் பேஸ் பாட்டுகளை நிறைத்தபோது, அந்த ஆழத்துக்கு ஈடுகொடுக்க மற்ற பேஸ்காரர்களுக்கும் இந்தத் தந்தி தேவைப்பட்டது. 1987ல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே 5 வந்தது. அதன் பிறகு ஆலைகள் எல்லாம் செய்யத் தொடங்கின.

ஆக, இன்று 'எங்களால் மாற்றித் தர இயலாது' என்று ஆலைகள் சொல்லும் இந்தக் கருவியே, யாரோ இரண்டு பேர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய தனி ஆர்டராகப் பிறந்ததுதான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜாக்சனுக்கு முதல் கருவியில் தந்தி இடைவெளி போதவில்லை. பின்னர் கென் ஸ்மித்திடம் அகலமான இடைவெளியோடு செய்யச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் அவர் சொன்ன அதே புகார்தான் என் மின்னஞ்சலிலும் இருந்தது.

மாற்ற முடியாதவற்றில் எல்லோரும் முதலில் பேசுவது தந்தியின் நீளம், அதாவது நட்டிலிருந்து, உடலில் தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை உள்ள அளவு. 34 அங்குலமா, 35 அங்குலமா? லியோ ஃபெண்டர் 1951ல் ப்ரிசிஷன் பேஸுக்கு வைத்த 34 அங்குலம் 'இ' தந்திக்காக வைத்தது. 'இ' நொடிக்கு 41 முறை அதிரும். 'பி' 31 முறைதான். அதே நீளத்தில் இவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமானால் தந்தி தடிக்க வேண்டும், இல்லையேல் தளர வேண்டும். தளர்ந்தால் தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கும். தடித்தால் விறைத்துப் போய், தந்தி என்பதை விட்டு இரும்புக் கம்பியின் குணத்துக்கு வந்துவிடும். அனுசுரங்கள், அதாவது அடித்தள ஸ்வரத்தோடு சேர்ந்து மேலே எழும் மெல்லிய ஸ்வரங்கள், சுருதியை விட்டுக் கொஞ்சம் ஏறி நிற்கும். கேட்கிறவருக்கு அது 'சேறு' போலக் கேட்கும். நீளத்தைக் கூட்டினால் அதே தந்தி அதே சுருதியில் இன்னும் இறுக்கமாக நிற்கும். இறுக்கம் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 35 அங்குலத்துக்குப் போனால் ஆறு சதவீதம் கூடுகிறது. 37 அங்குலம் என்றால் பதினெட்டு சதவீதம்.

37 அங்குலத்தில் பேஸ் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும். கனடாவின் சாஸ்கட்டூனில் இருக்கும் டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் ஃப்ரெட்கள் விசிறி போல விரிந்திருக்கும். பல மாடல்களில் 'பி' தந்தி 37 அங்குலம், 'ஜி' தந்தி 34. இந்த விசிறி ஃப்ரெட் முறைக்கு ரால்ஃப் நோவக் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றிருந்தார். பார்த்தால் பயமாக இருக்கும். கை வைத்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. 'பி' தந்தி பியானோவின் கீழ்க் கட்டை போலத் தெளிவாகப் பேசுகிறது. குறை, முதல் ஃப்ரெட்தான். 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.5 மி.மீ. தூரம், 35ல் 49.9, 37ல் ஏறக்குறைய 53. நமக்கு வேண்டிய ஒரு கட்டை இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். நாள் முழுக்க அங்கேயே வாசிக்க வேண்டியவர், கை சிறியவராக இருந்தால், மணிக்கட்டு வலிக்கும்.

34க்கும் 35க்கும் நடுவே நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். ஸ்டிங்ரே 5 ஒரு 34 அங்குல பேஸ். நியூயார்க்கின் ராஜர் சடவ்ஸ்கி பல்லாண்டுகளாக 34 அங்குலத்திலேயே ஐந்து தந்தி பேஸ்கள் செய்து பெயர் வாங்கியவர். மறுபுறம் சிகாகோவின் லேக்லேண்ட் 35ஐ நம்புகிறது; ஐபனேஸின் பி.டி.பி. வரிசையும் அப்படியே. நான் வாசித்துப் பார்த்ததில், கழுத்து விறைப்பாக, உடலோடு இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்த 34 அங்குல பேஸ், சுமாராகச் செய்த 35 அங்குல பேஸை விட நன்றாகவே பேசியது. தந்தியும் பாதிக் கதை. பிரிட்ஜ் பக்கம் மட்டும் மெலிந்து வரும் 'பி' தந்திகள் கிடைக்கின்றன. பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேணத்தின் மேல் தடிப்பு குறைவதால் விறைப்பும் குறைகிறது. சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஒரு அங்குலத்தின் பலனில் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் வைக்கும் ஸ்பீக்கர்கள் 31 ஹெர்ட்ஸை அநேகமாக வெளியே விடுவதே இல்லை. அதன் இரட்டிப்பான 62 ஹெர்ட்ஸும் அதற்கு மேலே உள்ளவையும் காதுக்கு வருகின்றன. அடித்தள ஸ்வரத்தை மூளையே ஊகித்துச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் 'பி' தந்தியில் ஆழத்தைவிட அனுசுரங்களின் சுத்தம் முக்கியம். கடையில் ஆம்ப்பின் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு 'ஆகா, அதிருகிறது' என்று மயங்குவது வீண்.

இனி, நான் நிதானமாகப் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தந்தி இடைவெளி.

நான்கு தந்தி ஃபெண்டரில் பிரிட்ஜில் ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்த தந்தியின் நடுவுக்கு 19 மி.மீ. இந்த அளவில் இருபது வருடம் பழகிய கை, ஐந்து தந்திக்குப் போகும்போது இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 19 மி.மீ.யை வைத்துக்கொண்டால் வலது கைக்கு எல்லாம் பழையபடி இருக்கும். கழுத்து பலகை போல அகலமாகிவிடும், இடது கைக் கட்டைவிரல் பின்னால் தவிக்கும். இடைவெளியைச் சுருக்கினால் கழுத்து மெலியும். வலது கை விரல் ஒரு தந்தியை மீட்டப் போய் இரண்டைத் தொடும்.

ஆலைகள் இதில் ஆளுக்கொரு முடிவை எடுத்திருக்கின்றன. ஐபனேஸின் எஸ்.ஆர். வரிசை ஒரு கோடியில் இருக்கிறது: எஸ்.ஆர். 505 போன்றவற்றில் சுமார் 16.5 மி.மீ., மெல்லிய கழுத்து, சிறிய உடல். வேகமாக வாசிக்கும் இளைஞர்களுக்கு அது சொர்க்கம். எனக்கு நெருக்கடியான பஸ்ஸில் நிற்பது போல இருந்தது. அதே ஐபனேஸின் பி.டி.பி. வரிசை மறு கோடி: 19 மி.மீ., 35 அங்குலம். லேக்லேண்டின் 55 வரிசையும் 19 பக்கம்தான். ஸ்டிங்ரே 5 நடுவே 17.5 மி.மீ.யில் நிற்கிறது. ஜெர்மனியின் வார்விக் சில மாடல்களை 'பிராட்நெக்' என்று அகலமான கழுத்தோடும் செய்கிறது. ஒரே மாடலில் இரண்டு அகலம் என்பது இந்தத் தொழிலில் அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஒன்றரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். வேட்டி வாங்கும்போது ஒன்றரை மில்லிமீட்டர் பொருட்டல்ல. செருப்பு வாங்கும்போது கடிக்கும். கட்டைவிரலால் தந்தியை அடித்து, ஆள்காட்டி விரலைத் தந்திக்கு அடியில் நுழைத்துச் சுண்டி வாசிக்கும் 'ஸ்லாப்' முறைக்காரர்களுக்கு 18க்குக் கீழே விரல் நுழைய இடம் கஷ்டம். ப்ளெக்ட்ரம் என்ற சிறு தகட்டை வைத்து வாசிப்பவர்களுக்கோ குறுகிய இடைவெளியே வசதி. மணிக்கட்டு குறைவாக நகர்ந்தால் போதும். என்னைப் போல இரண்டு விரலால் மீட்டி, வலது கைக் கட்டைவிரலைக் கீழ்த் தந்திகளின் மேல் படுக்க வைத்து அவற்றை அமுக்கிக்கொள்பவர்களுக்கு 17.5 முதல் 19 வரை எதுவும் சரி. ஐந்து தந்தியில் அந்த அமுக்கல் கட்டாயம். வாசிக்காத 'பி' தந்தி சும்மா இருக்காது. மற்றத் தந்திகள் அதிரும்போது தானும் சேர்ந்து முனகும்.

இதைப் பின்னால் மாற்ற முடியாதா? பிரிட்ஜை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். சேணங்களைப் பக்கவாட்டில் நகர்த்தும் பிரிட்ஜ்களும் உண்டு. ஒரு தந்திக்கு அரை மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் விரித்தால் ஓரத் தந்திகள் மேல் ஃப்ரெட்களில் கழுத்தின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் காந்த முனைகளுக்கு நேராகவும் தந்தி இருக்காது. கழுத்தின் அகலம்தான் எஜமான். அதைச் செதுக்கியவர் ஆலைக்காரர்.

எடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாலு கிலோவுக்குக் கீழே நல்லது, நாலரை தாங்கலாம், ஐந்தைத் தொட்டால் மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு மருத்துவச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தலைப்பக்கம் ஐந்து கீ கனத்தில் கீழே சாய்கிறதா என்பதை நின்றுகொண்டு, ஸ்ட்ராப் மாட்டி, இரண்டு கையையும் விட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

ஆலைகள் ஏன் இப்படிக் கறாராக இருக்கின்றன? கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல. கழுத்தைக் கணினி இயந்திரம் வெட்டுகிறது. அகலத்தை மாற்றினால் வெட்டும் நிரல், பிடிமானச் சட்டம், நட், பிரிட்ஜ், பிக்கப், கழுத்து உட்காரும் குழி எல்லாம் மாற வேண்டும். நிறத்தை மாற்றினால் பெயின்ட் துப்பாக்கியில் டப்பாவை மாற்றினால் போதும். அந்த நிறத்திலும்கூட முழுச் சுதந்திரம் இல்லை. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட விரற்பலகைதான், உடலின் மேல் பொருத்தும் காப்புத் தகடான பிக்கார்டும் குறிப்பிட்டதுதான் என்று சேர்த்தே கட்டிவைத்திருப்பார்கள். கடைக்காரர்கள் எதை எடுத்து அடுக்குவார்கள் என்பதை வைத்து அந்த ஜோடிகள் முடிவாகின்றன. இடது கைக்காரர்கள், ஃப்ரெட் இல்லாத கழுத்து கேட்பவர்கள் பாடு இன்னும் மோசம். பல மாடல்களில் அவர்களுக்கு ஒரே நிறம், சிலவற்றில் கருவியே இல்லை.

மரமும் சேர்ந்துகொண்டது. விரற்பலகைக்கு உலகமெங்கும் போகும் ரோஸ்வுட்டில் பெரும்பகுதி இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அது சேர்ந்த மரப் பேரினம் முழுவதையும் 2017 ஜனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, ரோஸ்வுட் உள்ள கிட்டார்களை விற்பனைக்கு எல்லை தாண்டி அனுப்ப அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ போன்ற மரங்களுக்குத் தாவின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. அந்த மூன்று வருடங்களில் செய்த பேஸ்களில் விரற்பலகை ஏன் வேறு மரம் என்று பழைய பேஸ் வாங்குகிறவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம். குறை ஒன்றும் இல்லை, தாராளமாக வாங்கலாம்.

சரி, இருக்கும் வழிகள் என்ன?

பாதி விருப்பப்படி செய்து தரும் நிறுவனங்கள் ஒரு வழி. ஃபெண்டரின் 'மாட் ஷாப்' 2016ல் தொடங்கியது. அமெரிக்காவில் செய்யும் மாடல்களுக்கு நிறம், விரற்பலகை, பிக்கப் போன்றவற்றை இணையத்தில் பொறுக்கிச் சேர்க்கலாம். பொம்மைக்குச் சட்டை மாற்றுவது போலச் சுகமான விளையாட்டு. ஆனால் கழுத்தின் அகலம் அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியாவின் கீசல் இன்னும் தாராளம். முன்னர் கார்வின் என்ற பெயரில் இருந்த குடும்பத் தொழில்; கடைகளுக்குக் கொடுக்காமல் வாசிப்பவருக்கே நேராக விற்கிறார்கள். மரம், கழுத்தின் அமைப்பு, மேற்பூச்சு, பிக்கப் எனத் தேர்வுகள் நீண்டுகொண்டே போகும். வழக்கமான தேர்வுகளோடு செய்த கருவியைச் சில நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம், வினோதமாக ஏதாவது சேர்த்தால் அந்த உரிமை போய்விடும் என்பது அவர்கள் நடைமுறை. நியாயம்தான். ஆனால் சென்னையில் இருந்து கொண்டு ஆர்டர் கொடுக்கிறவருக்குத் திருப்பி அனுப்பும் உரிமை இருந்தும் இல்லாதது போலத்தான். போக விமானக் கட்டணம், வரச் சுங்கவரி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பிடிக்காத கருவியைத் திருப்பி அனுப்புவதைவிட அதோடு வாழப் பழகிக்கொள்வது மலிவு.

முழுக்க முழுக்க நம் அளவுக்குச் செய்து தரும் கைவினைஞர்கள் இன்னொரு வழி. நியூயார்க் புரூக்லினின் ஃபோடெரா போன்ற பெயர்கள் விலையில் கார்களோடு போட்டி போடுகின்றன, அவற்றை விட்டுவிடுவோம். இந்தியாவிலும் தனியாக கிட்டார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாமா என்றால், நம் அளவு நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால் மட்டும் போகலாம். 18 மி.மீ. வேண்டுமா 19 வேண்டுமா என்று தெரியாதவர் தையல்காரரிடம் போய் 'ஏதோ அளவாகத் தையுங்கள்' என்று சொல்வது போலாகிவிடும். முதல் ஐந்து தந்தி பேஸை இப்படிச் செய்துகொள்ளாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது பேஸாக இருக்கட்டும். விற்க வேண்டி வந்தாலும் பெயர் தெரியாத கைவினைஞரின் கருவிக்குச் சந்தையில் பாதி விலைகூட வராது.

மூன்றாவது, சுமாரான விலையில் ஒரு ஆலை பேஸை வாங்கி நாமே திருத்திக்கொள்வது. யமஹாவின் பி.பி., டி.ஆர்.பி.எக்ஸ். வரிசைகள், ஐபனேஸ், கார்ட், சையர், ஸ்டிங்ரேயின் மலிவுப் பதிப்பான ஸ்டெர்லிங் எல்லாம் இந்த வகையில் வருகின்றன. எவற்றைத் திருத்தலாம்? டியூனிங் கீ, நட், ப்ரீ-ஆம்ப் (கருவிக்குள்ளேயே ஒலியைத் திருத்தும் மின்சுற்று), தந்தி, ஸ்ட்ராப் ஆணி. பிக்கப்பையும் திருத்தலாம் என்று சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நான்கு தந்தி பேஸின் பிக்கப் அளவுகள் ஏறக்குறைய ஊரறிந்தவை. ஐந்து தந்தியில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு டப்பா. இ.எம்.ஜி. என்ற ஒரு நிறுவனமே செங்கல் வடிவ பிக்கப்பை மூன்றரை, நான்கு, நாலரை அங்குலம் என மூன்று உறைகளில் விற்கிறது. பிடித்த பிக்கப்பை வாங்கி வந்த பிறகு குழியில் அது உட்காராமல், உளி வைத்து மரத்தைக் குடைந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த பேஸை இப்போது அவர் யாருக்கும் காட்டுவதில்லை. முதலில் குழியின் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

இந்த மூன்றையும் தராசில் வைத்தால், பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதே கனக்கிறது. அதிலும் பழைய பேஸ். கழுத்தும் இடைவெளியும் கைக்குச் சரியாக இருக்கும் பழைய கருவியைத் தேடிப் பிடித்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. ஐந்து தந்திகளும் சேர்ந்து தொண்ணூறு கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. குளிர்சாதன மண்டபத்திலிருந்து திறந்தவெளி மேடைக்குப் போய்வந்து, சில மழைக்காலங்களைப் பார்த்த பிறகும் நேராக இருக்கும் கழுத்து இனியும் நேராக இருக்கும். புதுக் கழுத்தைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. பாதி விருப்பப்படி செய்வது, ஏற்கெனவே ஒரு ஐந்து தந்தி பேஸை வைத்திருந்து, அதில் எது குத்துகிறது என்று தெரிந்தவர்களுக்கு. அதிலும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு.

பார்க்கப் போகும்போது ஒரு சிறிய ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஐந்தாவது தந்தியின் நடுவுக்கு அளந்து நான்கால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். 66 மி.மீ. என்றால் 16.5, 70 என்றால் 17.5, 76 என்றால் 19. ஆம்ப்பில் செருகும் முன் வெறுமனே வாசித்துப் பாருங்கள். 'பி' தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டையும் திறந்த 'இ' தந்தியையும் மாற்றி மாற்றி மீட்டினால், இரண்டும் ஒரே குடும்பத்துக் குரலாக இருக்க வேண்டும். ஒன்று பேசி மற்றது முணுமுணுத்தால், முதலில் புதுத் தந்தி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் முணுமுணுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ப்ரீ-ஆம்ப் உள்ள பேஸ் என்றால், ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்தாலும் ஒலி வரும்படி மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத பேஸ் ஒன்று பாட்டுக்கு நடுவில் ஊமையானதை மேடையில் நின்று அனுபவித்திருக்கிறேன்.

நான் கடைசியில் வாங்கியது 34 அங்குலம், 18 மி.மீ. இடைவெளி கொண்ட ஒரு பழைய பேஸ். நாலேகால் கிலோ. நட்டை மாற்றினேன், மெலிந்த முனை கொண்ட 'பி' தந்தி போட்டேன், ப்ரீ-ஆம்ப்பை இன்னும் தொடவில்லை. ஒரு கட்டைப் பாட்டில் முதல் ஃப்ரெட்டை அழுத்தியபோது கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறம் மட்டும் மட்டமான ஒரு காப்பிப் பொடி நிறம். விற்றவரே அதற்காகத்தான் விலையைக் குறைத்தார். மேடை விளக்கு எப்படியும் பாடகர் மேல்தான் விழுகிறது.